செஸ் எஞ்சின் அமைப்புகள்: எதைத் திருகலாம், எதைத் தொடாமல் விடலாம்

செஸ் எஞ்சின் ஒன்றை நிறுவி, அதன் அமைப்புகள் பக்கத்தை முதன்முறை திறப்பவர் கண்ணில் இருபது முப்பது வரிகள் படும். ஹேஷ், த்ரெட்ஸ், மல்டிபிவி, கன்டெம்ப்ட், நல் மூவ் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். எது எதற்கு என்ற விளக்கம் அநேகமாக இருக்காது. சிலர் பயந்துபோய் அப்படியே மூடிவிடுகிறார்கள். சிலர் எல்லா எண்களையும் ஏற்றி வைத்துவிட்டு, எஞ்சின் இனி பலசாலி என்று நம்பிக்கொள்கிறார்கள். பின்னவர்கள் செய்வதுதான் அதிகக் கெடுதல். பெரிய எண்தான் நல்ல எண் என்று இங்கே எந்த விதியும் கிடையாது.

செஸ் ஆடத் தெரிந்து, எஞ்சினின் உள்ளே இதுவரை கை வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தத் திருகு எதைத் தொடுகிறது என்று தெரிந்தால் போதும்.

தேடல் வேறு, மதிப்பீடு வேறு

எஞ்சினுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. நான் இப்படிப் போனால் எதிராளி எப்படிப் போவார் என்று நகர்த்தல்களை முன்னோக்கி விரித்துக்கொண்டே போவது தேடல். அப்படி விரித்துப் போய் நின்ற இடத்தில் பலகையைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு சாதகம் என்று ஓர் எண் போடுவது மதிப்பீடு. கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தப் பிரிவினை தெளிவாக இருக்கிறது. ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1 என்று வைத்தார். இரட்டைச் சிப்பாய், பின்தங்கிய சிப்பாய், தனிச் சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் 0.5 கழித்தார். நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சட்டபூர்வ நகர்த்தலுக்கும் 0.1 கூட்டினார்.

ஆட்டப் பாணி பெரும்பாலும் இந்த எண்களில்தான் இருக்கிறது. அந்த 0.1-ஐ 0.2 ஆக்கிப் பாருங்கள். எதிராளியைவிட பத்து நகர்த்தல் கூடுதலாகக் கிடைத்தால்தான் ஒரு சிப்பாயை விட்டுக்கொடுக்கலாம் என்று கணக்குப் போட்ட எஞ்சின், இனி ஐந்து கிடைத்தாலே விட்டுவிடும். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் கஞ்சன் தாராளமாகிவிட்டான்.

தேடல் அப்படியல்ல. ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வைத்தால், இரு தரப்பும் இரண்டிரண்டு முறை நகர்த்துவதற்குள் 15 லட்சம் நிலைகள் வந்துவிடும். ஆல்பா-பீட்டா என்ற வெட்டும் முறையில், நல்ல நகர்த்தல்களை முதலில் பார்க்கும் எஞ்சினுக்கு, அதில் சுமார் 2,450-ஐப் பார்த்தாலே அதே விடை கிடைத்துவிடும். இன்றைய எஞ்சின்கள் இதற்கு மேலும் பல வெட்டுகளை அடுக்கி வைத்திருக்கின்றன. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் அமைப்பு அது. குணத்தை மாற்ற நினைப்பவர் மதிப்பீட்டில் கை வைக்க வேண்டும். தேடலில் கை வைத்தால் பெரும்பாலும் பலம்தான் குறையும்.

உங்கள் எஞ்சினில் அந்தத் திருகு இருக்கிறதா?

மாற்றத் தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள். புதியவர்கள் முதலில் இறக்குவது ஸ்டாக்ஃபிஷ். அதில் தாக்குதல், தற்காப்பு என்று எந்தப் பாணித் திருகும் கிடையாது. 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அது, பயிற்சியின் மூலம் தன் எண்களைத் தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பைக் கொண்டு மதிப்பிடுகிறது. மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டை 2024-இல் 16.1 பதிப்பில் முழுமையாகவே எடுத்துவிட்டார்கள். கோடிக்கணக்கான எண்களில் சிதறிக் கிடக்கும் ஒன்றை, ராஜாவின் பாதுகாப்புக்கு இத்தனை சதவீதம் என்று வெளியிலிருந்து திருக முடியாது. உலகின் பலமான எஞ்சின் வேண்டுமென்றால் ஸ்டாக்ஃபிஷ். குணச்சித்திரம் வேண்டுமென்றால் வேறு கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்த வேறு கடைகளில் பாவேல் கோஸியோல் எழுதிய ரோடன்ட் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் ஒவ்வொரு ஆளுமையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், நகலெடுத்து எண்களை மாற்றி உங்கள் சொந்த ஆளுமையாகச் சேமிக்கலாம். கொமோடோ டிராகனில் ஆக்ரோஷமானது, தற்காப்பானது, நிலைசார்ந்தது என்று ஆயத்த ஆளுமைகளின் பட்டியல் உண்டு. எட் ஷ்ரூடரின் புரோ டியோவும் ஆளுமைக் கோப்புகளுக்குப் பெயர்போனது. பழைய செஸ்மாஸ்டர் இன்னும் கைவசம் இருந்தால், அதிலுள்ள தி கிங் எஞ்சினின் ஆளுமைப் பக்கம் ஒரு பொக்கிஷம். ஒவ்வொரு காயின் விலை, நடுப்பலகைக் கட்டுப்பாடு, ராஜா பாதுகாப்பு, டிரா மீதான வெறுப்பு எல்லாம் அதில் தனித்தனியே இருக்கும்.

அசலைத் தொடாமல் நகல் எடுங்கள்

எஞ்சின் தானாகப் பலகையைக் காட்டாது. அதற்கு ஓர் இடைமுகம் வேண்டும். அரீனா, க்யூட் செஸ், லூகாஸ் செஸ் போன்றவை இலவசம். கைப்பேசியில் என்றால் ட்ராய்ட்ஃபிஷ். இவை எல்லாம் எஞ்சினோடு பேசுவது யுசிஐ என்ற நெறிமுறையில். 2000-ஆம் ஆண்டில் ருடால்ஃப் ஹூபரும் ஷ்ரெடரை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் அதை வெளியிட்டார்கள்.

உங்கள் இடைமுகத்தில் எஞ்சின் பட்டியலுக்குப் போய், ஒரே எஞ்சினை இரண்டு முறை சேருங்கள். ஒன்றுக்கு 'அசல்' என்று பெயர் வைத்து, அதை எப்போதும் மாற்றாதீர்கள். மற்றொன்றுக்கு 'தாக்குபவன் 1' என்பதுபோல ஏதாவது பெயர் வையுங்கள். சோதனைகள் எல்லாம் இரண்டாவதில்தான். சில இடைமுகங்கள் இரண்டு பதிவுகளுக்கும் ஒரே அமைப்புக் கோப்பைப் பயன்படுத்திக் குழப்பும். அப்படியானால் எஞ்சின் இருக்கும் கோப்புறையையே நகலெடுத்துவிடுங்கள்.

எஞ்சின் கோப்பை நேரடியாக இயக்கி, வரும் கறுப்புத் திரையில் யுசிஐ (uci) என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாகத் தட்டிப் பாருங்கள். தன்னிடமுள்ள எல்லா அமைப்புகளையும், இயல்பு மதிப்பு, குறைந்தபட்சம், அதிகபட்சம் ஆகியவற்றோடு அது ஒப்பித்துவிடும். இடைமுகம் மறைத்து வைப்பவைகூட இங்கே தெரியும். இந்தப் பட்டியலைச் சேமித்து வையுங்கள். எதையாவது தலைகீழாக மாற்றிவிட்டால் பழைய எண் என்ன என்று தேட வேண்டியிருக்காது.

பயமில்லாமல் மாற்றக்கூடிய தேடல் அமைப்புகள்

முதலில் ஹேஷ். ஒரே நிலைக்கு வெவ்வேறு வரிசையில் வந்து சேரலாம். ராணிச் சிப்பாயை முதலில் நகர்த்தி அடுத்ததாகப் பக்கத்துச் சிப்பாயை நகர்த்தினாலும், வரிசையை மாற்றிச் செய்தாலும் பலகை ஒன்றுதான். அதே கணக்கை மறுபடியும் போடாமல் இருக்க, எஞ்சின் தான் பார்த்த நிலைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதுபோல நினைவகத்தில் எழுதி வைக்கிறது. ஹேஷ் என்பது அந்தக் குறிப்பேட்டின் அளவு. மெகாபைட்டில் கொடுக்க வேண்டும்.

ஸ்டாக்ஃபிஷில் இயல்பாக இருப்பது 16 மெகாபைட். அதில் கொள்வது சுமார் 15 லட்சம் பதிவுகள். நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நிலைகளைப் பார்க்கும் எஞ்சினுக்கு இது எந்த மூலைக்கு? 1024 மெகாபைட் கொடுத்தால் சுமார் 10 கோடி பதிவுகள் கொள்ளும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 1024 அல்லது 2048 நியாயமான அளவு. இரவு முழுக்க ஒரே நிலையை ஆராய விடுகிறீர்கள் என்றால் கூட்டலாம். ஐந்து நிமிட ஆட்டத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. கணினியின் மொத்த நினைவகத்தையும் தாரை வார்த்துவிடாதீர்கள். இயங்குதளம் வட்டில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கினால், எஞ்சின் பல மடங்கு மெதுவாகிவிடும். இரண்டு எஞ்சின்களை மோதவிடும்போது ஹேஷும் இரண்டு மடங்கு செலவாகும். இதைப் பலர் மறக்கிறார்கள். ஆட்டத்தின்போது திரையில் ஹேஷ் எவ்வளவு நிரம்பியது என்ற சதவீதம் ஓடும். நகர்த்தல் முடிவதற்கு வெகு முன்னரே அது முழுதாக நிரம்பி நின்றால் அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

த்ரெட்ஸ் என்பது எத்தனை செயலி உட்கருக்களைப் பயன்படுத்தலாம் என்பது. மொத்தத்தில் ஒன்றிரண்டைக் கணினிக்கு விட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட த்ரெட் இருந்தால், அதே நிலையை அதே நேரம் கொடுத்தாலும் இரண்டு முறை இரண்டு விடை வரலாம். எஞ்சின் பழுதாகவில்லை, த்ரெட்கள் ஒன்றோடொன்று ஹேஷ் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. பாணியைச் சோதிக்கும்போது ஒரே த்ரெட் வைப்பது நல்லது.

மல்டிபிவி, எத்தனை சிறந்த வழிகளைக் காட்ட வேண்டும் என்பது. ஆராயும்போது 3 வைத்தால் நிறையக் கற்கலாம். ஆட்டத்தின்போது கட்டாயம் 1. இரண்டாவது, மூன்றாவது வழிகளையும் துல்லியமாகக் கணக்கிட எஞ்சின் செலவழிக்கும் நேரம் ஆழத்திலிருந்துதான் கழிகிறது.

பாண்டர் என்றால் எதிராளி யோசிக்கும் நேரத்திலும் எஞ்சின் யோசிப்பது. ஒரே கணினியில் இரண்டு எஞ்சின்கள் ஆடும்போது அணைத்துவிடுங்கள், ஒன்றின் நேரத்தை மற்றொன்று திருடும். மூவ் ஓவர்ஹெட், இடைமுகத்திலோ வலைத்தொடர்பிலோ வீணாகும் மில்லிநொடிகளுக்கான ஒதுக்கீடு. ஸ்டாக்ஃபிஷில் இயல்பு 10. வென்றுகொண்டிருக்கும் எஞ்சின் நேரம் முடிந்து தோற்றால் முதலில் இதை 100 அல்லது 200 ஆக்கிப் பாருங்கள்.

சிசிஜி என்ற இறுதியாட்ட அட்டவணைகளின் பாதையையும் கேட்பார்கள். சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முன்கூட்டியே கணித்து வைத்த விடைகள் அவை. ஐந்து காய்கள் வரையிலானது சுமார் 1 ஜிகாபைட், அதை வைத்துக்கொள்ளலாம். ஆறு காய்களுக்கு 150 ஜிகாபைட் அளவில் இடம் வேண்டும், ஏழுக்கு 16 டெராபைட்டுக்கும் மேல். சாதாரண ஆட்டத்துக்கு ஐந்தே தாராளம்.

கை வைக்காமல் விடவேண்டியவை

நல் மூவ், லேட் மூவ் ரிடக்‌ஷன், ஃபியூட்டிலிட்டி, எக்ஸ்டென்ஷன் என்று வருபவை தேடலை எங்கே வெட்டுவது, எங்கே நீட்டுவது என்று தீர்மானிப்பவை. அசல் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஓடவிட்டுச் செதுக்கிய எண்கள் இவை. நாம் ஒரு மாலையில் அதைவிட நல்லதைக் கண்டுபிடித்துவிட மாட்டோம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நல் மூவ் என்பது, நான் என் முறையை விட்டுக்கொடுத்தாலும் என் நிலை இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால் இந்தக் கிளையைத் தொடர்ந்து பார்க்க வேண்டாம் என்ற வாதம். பெரும்பாலான நிலைகளில் அது சரி. ஆனால் நகர்த்துவதே கேடாகும் நிலைகளில், அதாவது சுக்ஸ்வாங்கில், வாதம் உடைந்துவிடும். அங்கே முறையை விட்டுக்கொடுப்பதுதான் ஆட்டக்காரர் ஏங்கும் வரம். சிப்பாய் இறுதியாட்டங்களையும் அதுபோன்ற புதிர்களையும் ஆராயும்போது, உங்கள் எஞ்சினில் நல் மூவை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பாணியை மாற்றுதல்: ஒரு தாக்குபவனை உருவாக்குவோம்

ரோடன்ட் போன்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூறின் எடையும் சதவீதமாக இருக்கும், 100-ஐ இயல்பு என்று வையுங்கள். தாக்குதல் என்ற கூறு இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, எதிராளியின் ராஜா மீது நாம் தொடுக்கும் தாக்குதலின் எடை. மற்றொன்று, நம் ராஜா மீது எதிராளி தொடுப்பதன் எடை. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் துணிச்சலும் பீதியும் ஒன்றாக வளரும். எஞ்சின் தாக்க ஆசைப்படும், ஆனால் தன் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாய்களை அசைக்கவே மாட்டேன் என்று நிற்கும்.

முதல் படியாக, நம் தாக்குதலை மட்டும் 130 ஆக்குங்கள். மற்றது 100-லேயே இருக்கட்டும். பத்து இருபது ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள். ராஜா இருக்கும் பக்கம் காய்கள் கூடுவது கண்ணுக்குத் தெரியும். அடுத்ததாக, காய்களின் நடமாட்டத்துக்கு 115 அல்லது 120. பிறகு சிப்பாய் அமைப்பின் எடையை 85 அளவுக்கு இறக்குங்கள். சிப்பாய் உடைந்தாலும் பரவாயில்லை என்று நேர்வரிசையைத் திறக்கத் துணியும். இந்த மூன்றிலேயே ஆளே மாறிவிடுவான். 200, 300 என்று போய்விட்டால் வருவது பலி கொடுத்துத் தாக்குவதில் பெயர்போன முன்னாள் உலகச் சாம்பியன் மிகாயில் தால் அல்ல. ஆதாரமில்லாமல் காயைத் தூக்கி எறிந்துவிட்டு, தற்காத்துக்கொள்ளத் தெரிந்த எவரிடமும் தோற்கும் ஒரு முரடன். தாலின் பலிகளுக்குப் பின்னால் கணக்கு இருந்தது. எஞ்சினுக்கு அந்தக் கணக்கைத் தருவது தேடல். அதனால்தான் தாக்கும் ஆளுமைக்குக் குறைந்த நேரம் கொடுத்தால், மற்ற ஆளுமைகளைவிட அதுவே அதிகம் சொதப்பும்.

நேர்மாறாக, தற்காப்புக்குப் பெயர்போன முன்னாள் உலகச் சாம்பியன் பெட்ரோசியன் சாயலில் ஒருவனை உருவாக்க, எதிராளியின் நடமாட்டத்துக்கும் எதிராளியின் தாக்குதலுக்கும் உள்ள எடையை ஏற்றுங்கள். எதிராளியால் என்ன செய்ய முடியும் என்பதையே எண்ணி ஆடும் எஞ்சின் கிடைக்கும். இந்த ஆளுமையோடு ஆடுவது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பயிற்சிக்கு இதைவிட நல்ல எதிராளி அரிது.

காய்களின் விலையில் கை வைப்பது கூர்மையான கத்தி. குதிரைக்கும் மந்திரிக்கும் இடையே ஒரு சிப்பாயின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வைத்தாலே, எது எதை வெட்டும் என்ற தேர்வுகள் மாறிவிடும். அதற்கு மேல் போக வேண்டாம்.

கன்டெம்ப்ட் என்பது டிராவை எவ்வளவு வெறுக்க வேண்டும் என்ற எண். அதை 25 நூற்றுப்பங்கு சிப்பாய் என்று வைத்தால், கால் சிப்பாய் வரை பின்தங்கியிருந்தாலும் எஞ்சின் டிராவைத் தவிர்த்து ஆட்டத்தை இழுக்கும். தன்னைவிடப் பலவீனமானவரோடு ஆடும்போது இது பொருந்தும். சமபலம் உள்ளவரிடம் இதுவே தோல்விக்கு வழி. குறி நேரா எதிரா என்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்ஃபிஷில் இந்த அமைப்பு ஒரு காலத்தில் இருந்தது, பின்னர் நீக்கிவிட்டார்கள். கொமோடோவிலும், லீலா என்ற நரம்பு வலையமைப்பு எஞ்சினின் அண்மைப் பதிப்புகளிலும் இருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, தொடக்க ஆட்டப் புத்தகத்தை, அதாவது முதல் சில நகர்த்தல்களை எஞ்சின் யோசிக்காமல் எடுத்து ஆடும் ஆயத்தக் கோப்பை, மறந்துவிட்டால் பயனில்லை. புத்தகம் பத்தாவது நகர்த்தலுக்குள் ராணிகளை மாற்றிக்கொள்ளும் வழிக்கு இழுத்துப் போனால், தாக்குபவனுக்கு அங்கே வேலை ஏது? தொடக்கத்திலேயே சிப்பாயைப் பலி கொடுக்கும் கேம்பிட்களும் எதிரெதிர்ப் பக்கக் கோட்டை கட்டும் வழிகளும் நிறைந்த புத்தகத்தைத் தாக்குபவனோடு இணையுங்கள். பாணி மாற்றத்தில் பாதி இந்த ஒரு வேலையிலேயே வந்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

நமக்குத் தகுந்த எதிராளியாக இறக்குவது

ஸ்டாக்ஃபிஷின் ஸ்கில் லெவல் 0 முதல் 20 வரை போகும். இறக்கும்போது எஞ்சின் சில நல்ல வழிகளைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டுமென்றே சற்று மோசமானதைத் தேர்ந்தெடுக்கிறது. ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் எலோ எண்ணாகவே கொடுக்கவும் வசதி உண்டு. அண்மைப் பதிப்புகளில் 1320 முதல் 3190 வரை. அதற்கு லிமிட் ஸ்ட்ரெங்த் என்ற பெட்டியையும் குறியிட வேண்டும். குறியிட்டால் ஸ்கில் லெவல் கணக்கில் வராது. இரண்டையும் மாற்றிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று திகைப்பவர்கள் நிறைய.

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை. பதினைந்து நகர்த்தல் மாஸ்டர்போல ஆடிவிட்டு, திடீரென்று காரணமில்லாமல் குதிரையைக் கொடுக்கும். மனிதர்கள் அப்படித் தவறுவதில்லை. ஆழத்தை மட்டும் 4 அல்லது 5 என்று கட்டுவதும் சரியில்லை. நடு ஆட்டத்தில் சுமாராக ஆடி, இறுதியாட்டத்தில் தூரம் தெரியாமல் குழந்தைபோல நிற்கும். பார்க்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையைக் கட்டுவது இவற்றைவிட மேல். இறுதியாட்டத்தில் நகர்த்தல்கள் குறையும்போது அதே எண்ணிக்கையில் ஆழம் தானாகக் கூடும். வேகமான கணினியிலும் பழைய கணினியிலும் பலம் மாறாது. சில ஆயிரம் நிலைகளில் தொடங்கி, நீங்கள் பாதி ஆட்டம் ஜெயிக்கும் அளவுக்கு ஏற்றி இறக்குங்கள்.

மனிதத் தவறுகளே வேண்டுமென்றால் மாயா. லிச்செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு, 1100 முதல் 1900 வரை நிலைவாரியாகப் பயிற்றுவித்த வலையமைப்புகள் அவை. லீலா எஞ்சினில் ஏற்றி, நிலைகளின் எண்ணிக்கையை 1 என்று வைக்க வேண்டும். தேடவிட்டால் மனிதச் சாயல் போய்விடும்.

மாற்றம் பலித்ததா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். பிறகு அசலோடு மோதவிடுங்கள். க்யூட் செஸ்ஸில் போட்டியை அமைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஒவ்வொரு தொடக்க நிலையையும் இரண்டு முறை, நிறம் மாற்றி ஆடவிடுங்கள்.

100 ஆட்டத்தில் 55-45 என்று வந்தால் மகிழ வேண்டாம். அது சுமார் 35 எலோ வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் 100 ஆட்டத்தில் 50 எலோவுக்கு மேல் இப்படியும் அப்படியும் தற்செயலாகவே ஆடும். ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற பரவலான சோதனைக் களத்தில், ஒரு சிறு மாற்றத்துக்கே பல்லாயிரம் ஆட்டங்களை ஓடவிடுவது இதனால்தான்.

நீங்கள் பலத்தைத் தேடவில்லை, பாணியைத் தேடுகிறீர்கள் என்றால் வெற்றிக் கணக்கைவிட வேறு எண்கள் பயன்படும். எத்தனை டிரா? ராணிகள் சராசரியாக எத்தனையாவது நகர்த்தலில் வெளியேறின? ஆட்டங்கள் நீளமா, குட்டையா? சேமித்த ஆட்டக் கோப்பிலிருந்து இவற்றை எண்ணிவிடலாம். தாக்குபவன் 30 எலோ குறைந்திருந்தும் டிரா பாதியாகக் குறைந்திருந்தால், உங்கள் வேலை பலித்திருக்கிறது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

எண்ணை மாற்றியும் எஞ்சின் மாறவில்லை என்றால், அமைப்பு சேமிக்கப்படவில்லை அல்லது எஞ்சின் மறுபடி தொடங்கவில்லை. நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். ஒரு சோதனையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஹேஷைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய கணக்குகளே புதிய எண்ணாகத் திரும்பி வரும்.

இரண்டு எஞ்சின்கள் ஒரே நிலைக்கு +0.6, +1.1 என்று வேறு வேறாகச் சொன்னால் எது சரி என்று சண்டை வேண்டாம். அளவுகோல்களே வேறு. ஸ்டாக்ஃபிஷில் 15.1 பதிப்பிலிருந்து +1 என்றால் ஒரு சிப்பாய் என்று பொருளில்லை. சமபலமான எதிராளியிடம் வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள்.

ஆளுமைப் பதிவைக் கொண்டு உங்கள் சொந்த ஆட்டங்களை ஆராயாதீர்கள். திரிந்த மதிப்பீடு திரிந்த தீர்ப்பைத்தான் தரும். ஆராய்வதற்குத் தனியாக ஒரு பதிவு வையுங்கள்: கன்டெம்ப்ட் 0, பலக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, மல்டிபிவி 3, ஹேஷ் தாராளம், த்ரெட்கள் முடிந்தவரை, புத்தகம் அணைப்பு.